நாடில்லாதவர் வைத்த கையெழுத்து

"மன்னர்கள் போனார்கள். வெள்ளைக்காரன் போனான். மண் போகவில்லை. மண்ணுக்கு ஞாபகசக்தி உண்டு, கஜலட்சுமி. தன் சொந்தக்காரரை அது ஒருநாளும் மறப்பதில்லை."

அம்பிட்டியவில் ஒரு சரிவான வளவின் நடுவே, ஒரு கையை இடுப்பிலும் மறு கையை ஹந்தானை மலையை நோக்கியும் வைத்துக்கொண்டு துப்பறிவாளர் எம்.இஸட்.எம். லாபிர் இப்படிப் பிரகடனம் செய்தார். குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி முகர்ந்தும் பார்த்தார்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண்குரல் வந்தது.

"லாபிர் நானா, அது பக்கத்து வளவு. எங்கட ஊடு இங்கால ஈக்கி."

லாபிர் மண்ணைக் கீழே போட்டார். அவருடைய உதவியாளர் கஜலட்சுமி முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல், "மண்ணு மறக்கல சேர், நம்மளத்தான் அதுக்கு அறிமுகமில்ல" என்றாள்.

கஜலட்சுமிக்கு முப்பத்து நான்கு வயது. கலஹாத் தோட்டத்தில் பிறந்து, கண்டிக்கு டைப் அடிக்க வந்து, ஆறு வருஷமாக லாபிரிடம் மாட்டிக்கொண்டிருப்பவள். லாபிரின் அறிக்கைகளைக் கையெழுத்திலிருந்து தட்டச்சுக்கு மாற்றுவது அவளுடைய வேலை. சாதாரண வேலையல்ல. லாபிர் எழுதும் 7க்குத் தலையில் ஒரு தொப்பியும், இடுப்பில் ஒரு பெல்டும், காலில் ஒரு வாலும் இருக்கும். உலகத்தில் வேறு எவரும் அப்படி எழுதுவதில்லை. அது ஐரோப்பிய முறை என்பார் அவர்.

அவருடைய விலாச அட்டையில் 'முப்பது வருட சட்டத்துறை அனுபவம்' என்று தங்க எழுத்தில் இருந்தது. அதில் முதல் பாதி, கண்டியில் பத்திரம் எழுதும் ஒரு நொத்தாரிசிடம் லிகிதராகக் கோப்புத் தூக்கியது. அதைப் போட அட்டையில் இடம் போதவில்லை.

வேலியைச் சுற்றிச் சரியான வளவுக்குள் வந்தார்கள். வேலிக்கு அப்பாலிருந்து கூப்பிட்ட சகீனா பள்ளிக்கூடச் சீருடை தைப்பவள், ஐம்பத்தாறு வயது, கணவன் இல்லை. முன்னறையில் தையல் மெஷினைத் தள்ளிவைத்து இரண்டு கதிரை போட்டாள்.

விஷயம் சிக்கலானதல்ல. 1991ஆம் ஆண்டு, சகீனாவின் கலியாணத்துக்கு முன்பு, அவளுடைய வாப்பா இந்தப் பதினெட்டுப் பேர்ச் காணியையும் வீட்டையும் வீரக்கோன் என்ற பழைய கண்டிக் குடும்பத்துக்காரரிடம் வாங்கி, மகள் பெயரில் உறுதி, அதாவது காணிப் பத்திரம், எழுதுவித்தார். முப்பத்து நான்கு வருஷம் அவள் அங்கேதான் தைத்தாள், சமைத்தாள், கணவனை வழியனுப்பினாள். போன வாரம் ரஸீன் ஹாஜியாரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. இதே காணியை வீரக்கோன் 1984ஆம் ஆண்டிலேயே தன் வாப்பாவுக்கு விற்றுவிட்டாராம். அந்த உறுதி இப்போதுதான் பழைய பெட்டியில் அகப்பட்டதாம். சட்டத்தரணி அதைப் பதிவுக்கும் கொடுத்துவிட்டாராம். பதினான்கு நாளில் வெளியேறவும். மேலே ஹாஜியார் கட்டும் கலியாண மண்டபத்துக்கு வாகனம் நிறுத்த இடம் தேவையாம்.

"என்ட ஊட்டுல காரு நிப்பாட்டப் போறாங்களாம்" என்றாள் சகீனா. "தையல் மெஷின் நிக்கிற எடத்துல."

"நான் இருக்கும்வரை நடக்காது" என்றார் லாபிர். துப்பறியும் நேரங்களில் அவர் அச்சடித்த தமிழ்தான் பேசுவார்.

கஜலட்சுமிக்கு ஆச்சரியம் வேறு இடத்தில் இருந்தது. முற்பணம் வாங்காமல் கதிரையில்கூட உட்காராத மனிதர் அவர். சொந்தத் தங்கையின் பூனையைத் தேடிக் கொடுத்ததற்கே கட்டணம் வாங்கியவர். இந்த வழக்குக்கு ஒன்றும் வேண்டாம் என்றுவிட்டார். கேட்டால், ஏழைப் பெண்ணின் கண்ணீருக்கு விலை பேசலாகாது என்றார். தங்கையும் அழுதுகொண்டுதான் வந்தாள் என்பது கஜலட்சுமியின் ஞாபகம்.

சகீனா அலுமாரியைத் திறந்து, தலையணை உறைக்குள் வைத்திருந்த உறுதியை எடுத்தாள். கஜலட்சுமி கை நீட்டினாள். லாபிரின் கை முந்தியது. உறுதி, பிரிக்கப்படாமலேயே, அவருடைய தோல் பைக்குள் போனது.

"மூல ஆவணத்தை நிபுணர் மட்டுமே தொட வேண்டும்."

"நான் தொட்டா பதினெட்டுப் பேர்ச் பதினேழாயிருமா சேர்?"

லாபிர், ஹாஜியாரின் சட்டத்தரணி கடிதத்தோடு அனுப்பியிருந்த 1984 உறுதியின் பிரதியை மேசையில் விரித்தார். நொத்தாரிசு இறந்துவிட்டார். வாங்கியவர், விற்றவர் இருவரும் இறந்துவிட்டார்கள். இரண்டு சாட்சிகளில் ஒருவரும் இறந்துவிட்டார். மிச்சம் ஒரே ஒரு பெயர்: கறுப்பையா, கலஹாத் தோட்டம். பெயருக்குக் கீழே தேசிய அடையாள அட்டை இலக்கம்.

"ஒருத்தரத் தவிர கையெழுத்து வச்சவங்க எல்லாம் செத்துப்போன உறுதி. நல்லா தேர்ந்துதான் எழுதியிருக்காங்க" என்றாள் கஜலட்சுமி. "சேர், மொதல்ல காணிப் பதிவுக் கந்தோருக்குப் போயி நம்ம உறுதி இருக்கிற பக்கத்த ஒருக்காப் பாத்துட்டு வந்தா என்ன? எனக்கு அங்க ஆள் இருக்கு."

"வரிசையில் நிற்பது லிகிதர்களின் தொழில். துப்பறிவாளன் புத்தகத்தைப் படிப்பதில்லை, மனிதர்களைப் படிக்கிறான்."

அது திங்கட்கிழமை.

*

செவ்வாய்க்கிழமை காலை ரஸீன் ஹாஜியாரின் கேட்டுக்கு முன்னால் நின்று கஜலட்சுமி பெயர்ப்பலகையைப் படித்தாள். முடிக்க நேரம் பிடித்தது. அகில இலங்கை சமாதான நீதவான், தேசகீர்த்தி, சமூகஜோதி, கண் சிகிச்சை முகாம்களின் போஷகர். பெயர் ஆறாவது வரியில்தான் வந்தது.

ஹாஜியார் அவர்களை வரவேற்பறையில் உட்கார்த்தி, பழச்சாறு வரவழைத்தார். சுவரில் அவரே பதினொரு படச் சட்டங்களுக்குள் யார் யாருக்கோ பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தார்.

"சகீனா நம்மட புள்ள மாதிரி" என்றார் ஹாஜியார். "ஆனா சட்டம் எண்டு ஒண்டு ஈக்கே. வாப்பாட சொத்த நான் உட்டா, மறுமையில வாப்பாக்கு என்ன சொல்ற?"

"கார் நிறுத்த இடமில்லாமல் போனதென்று சொல்லலாம்" என்றார் லாபிர்.

கஜலட்சுமி பழச்சாற்றுக்குள் சிரித்தாள். ஆறு வருஷத்தில் லாபிர் சொன்ன முதல் நல்ல பதில் அது. அத்தோடு அவர் நிறுத்தியிருக்கலாம். நல்ல பதில் சொன்ன மகிழ்ச்சியில் எழுந்து நின்றுவிட்டார்.

"ஹாஜியார், வியாழக்கிழமை காலை காணிக் கந்தோரில் சந்திப்போம். பதிவேட்டைத் திறந்துவைத்து, அதன் முன்னாலேயே உங்கள் உறுதி பொய் என்று நிரூபிப்பேன்."

ஹாஜியார் குவளையைக் கீழே வைத்தார். "என்ன ஏடு?"

"பதிவேடு. எந்தக் காணி யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று அரசாங்கம் எழுதி வைத்திருக்கும் புத்தகம்."

"அத யாரும் போய்ப் பாக்கேலுமா?"

"வரிசையில் நின்றால் யாரும் பார்க்கலாம்."

"ஓ" என்றார் ஹாஜியார். வரிசையில் நிற்பது என்ற பழக்கம் அவருக்குக் கேள்விப்பட்ட அளவில்தான். ஆனாலும் அவர்களைக் கேட் வரை வந்து வழியனுப்பினார். திரும்பிப் பார்த்தபோது அவர் கைத்தொலைபேசியில் சட்டத்தரணியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"பயந்துவிட்டான்" என்றார் லாபிர்.

"பயந்த ஆளு கேள்வி கேக்கமாட்டான் சேர்."

*

புதன்கிழமை பஸ் பிடித்து, பேராதனை வழியாகக் கலஹாவுக்குப் போனார்கள். தோல் பை லாபிரின் மடியில் இருந்தது. வளைவுகளில் அவர் கம்பியைப் பிடிக்கவில்லை, பையைப் பிடித்தார்.

கறுப்பையா, எழுபத்தொன்பது வயது, தொழிலாளர் லயத்தின் கடைசிக் காம்பரா அறையில் தனியாக இருந்தார். மகன்கள் இருவரும் கொழும்பில் கடைகளில். கண்ணில் கண்ணாடி, அதன் ஒரு காது நூலால் கட்டப்பட்டிருந்தது.

"கும்பிடுறேங்கய்யா. நான் மேப்பிரிவு சடையன் மக."

"சடையன் மகளா? வா தாயி, உக்காரு. இவரு யாரு, தொரையா?"

"அப்பிடித்தான் நெனச்சுக்கிட்டிருக்காரு."

லாபிர் தொண்டையைச் செருமினார். "பெரியவரே, 1984ஆம் ஆண்டு, அம்பிட்டிய காணி உறுதி ஒன்றில் நீர் சாட்சிக் கையெழுத்து வைத்தீரா?"

"வச்சேங்க" என்றார் கறுப்பையா உடனே. "கண்டியில, நொத்தாரிசு ஐயா கந்தோருல. மேச இருந்துச்சு. மேல பேன் சுத்திக்கிட்டிருந்துச்சு. வீரக்கோன் ஐயா வெள்ளச் சட்ட போட்டிருந்தாரு. ஹாஜியாரோட வாப்பா தொப்பி போட்டிருந்தாரு. எல்லாரும் சந்தோசமா இருந்தாங்க."

"பேனு எந்தப் பக்கமா சுத்துச்சின்னும் சொல்லிக் குடுத்தாங்களாய்யா?" என்றாள் கஜலட்சுமி.

கறுப்பையா யோசித்தார். "அது சொல்லல தாயி."

லாபிர் அரை மணித்தியாலம் குறுக்கும் நெடுக்கும் கேட்டார். கிழவர் அசையவில்லை. மேசை, பேன், வெள்ளைச் சட்டை, தொப்பி. கடைசியில் லாபிர் வாசலுக்குப் போய் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மனிதர்களைப் படிக்கிறவர், இந்த மனிதரில் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை.

கஜலட்சுமி பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு, கறுப்பையாவின் பெயருக்குக் கீழிருந்த இலக்கத்தையே பார்த்தாள்.

"ஐயா, ஒங்க ஐடி காட் இருக்கா?"

அதைக் கேட்டதும் கிழவரின் முகம் மாறியது. ட்ரங்குப் பெட்டியைத் திறந்தார். ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் இன்னொன்று. அட்டையை வெளியே எடுத்து, சாரத்தில் துடைத்துவிட்டுத்தான் கொடுத்தார். நாற்பத்து நாலு வயதுக் கறுப்பையா அதிலிருந்து விறைப்பாகப் பார்த்தார்.

"சும்மா வந்ததில்ல தாயி இந்தக் காட்டு. அதுக்கு முன்னாடி நமக்கு இந்தியாவும் இல்ல, இலங்கையும் இல்ல. எம்பத்தஞ்சுல பேராதனைச் சந்தியில பஸ்ஸ நிப்பாட்டி ஐடி கேட்டாங்க. இல்லைங்கன்னேன். எந்த நாடுன்னு கேட்டான். தெரியலைங்கன்னேன். வச்சான் பாரு ஒரு அறை. மறுபடி கேட்டான். தோட்டத்துச் சம்பளச் சிட்டைய எடுத்துக் காட்டினேன். அதுக்கு ஒண்ணு. பொறகு எம்பத்தெட்டுல பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, தொண்ணூறுலதான் இது கையில கெடச்சிச்சி."

கஜலட்சுமி அட்டையைத் திருப்பினாள். வழங்கிய திகதி, 1990. உறுதியில் இருந்த இலக்கமும் அட்டை இலக்கமும் ஒன்று. அவளுடைய அப்பா சடையனுக்கும் தொண்ணூறில்தான் வந்தது. அதுவரை அவரும் சம்பளச் சிட்டைதான்.

"சேர், இங்க வாங்க" என்றாள். "உறுதி எம்பத்து நாலு. ஐயாவுக்கு அந்த வருஷம் இந்த நாட்டுல பேரே இல்ல. அப்புறம் ஆறு வருஷம் கழிச்சித்தான் இந்த நம்பரே பொறந்திச்சி. இந்த உறுதிய எழுதினவன் சின்னப் பயலா இருக்கணும். இலங்கையில பொறந்தா எல்லாருக்கும் ஐடி இருக்கும்னு நெனச்சிட்டான்."

லாபிர் பிரதியைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், தானே கண்டுபிடித்தவர்போல நிமிர்ந்தார்.

"நான் எதிர்பார்த்ததுதான். பெரியவரே, அந்த அறை இருக்கிறதே, அது அற்புதமான அறை. உறுதியில் உம்மிடம் அட்டை இருக்கிறது. அடுத்த வருஷம் அது இல்லையென்று அடி வாங்கியிருக்கிறீர். இதைவிடச் சாட்சி வேண்டுமா? எந்தக் கன்னம்?"

கறுப்பையா கடமையோடு இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். லாபிர் அதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். "இரண்டாவது?"

"அதுவும் அங்கனதாங்க."

சிரிக்கத் தயாராக இருந்த கறுப்பையாவுக்கு மெல்ல மெல்ல விஷயம் எட்டியது. "அப்பிடின்னா, நான் சொன்னது செல்லாதாங்க?"

"செல்லாதய்யா."

"அப்ப என்னோட ஏழு பேர்ச்?"

அவர் ட்ரங்குப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு தடித்த தாளை எடுத்தார். பளபளக்கும் பொன்னிற ஓரம், சிவப்பு முத்திரை, ரஸீன் ஹாஜியாரின் சமாதான நீதவான் றப்பர் ஸ்டாம்ப். எல்லாம் ஆங்கிலத்தில்.

"கண் முகாம் முடிஞ்சு ரெண்டு மாசத்துல ஹாஜியாரே கார்ல வந்து கையில குடுத்தாரு. லயத்துக்குப் பின்னால ஏழு பேர்ச், ஒங்க பேர்ல உறுதி, வழக்கு முடியிற வரைக்கும் ஒருத்தருக்கும் காட்டாதீங்கன்னாரு. நான் மகன்களுக்குக்கூடக் காட்டல. படிச்சுச் சொல்லு தாயி, எல்லை எல்லாம் சரியாப் போட்டிருக்கான்னு."

கஜலட்சுமி படித்தாள். மனதுக்குள் ஒருமுறை, பிறகு இன்னொரு முறை.

"உரக்கப் படி" என்றார் லாபிர். "உண்மை அவருக்குத் தெரியட்டும். வாக்குமூலம் தருவதற்கு உதவும்."

அவள் தமிழில் மாற்றிச் சொன்னாள். "இலவசக் கண் சிகிச்சை முகாமில் பங்குபற்றியமைக்காக, திரு. கறுப்பையா அவர்களுக்கு இந்த நற்சான்றிதழ் வழங்கப்படுகிறது."

"ஏழு பேர்ச்சுன்னு எங்கயும் இல்லையா?"

"இல்லைங்கய்யா."

"பின்பக்கம் பாரு தாயி."

அவள் திருப்பினாள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. அவர் பார்க்கட்டும் என்று சற்று நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நாலு மூலைக்கும் கல்லு நட்டு வச்சிருக்கேன்" என்றார் கறுப்பையா. "ஒரு பக்கம் போஞ்சி போட்டாச்சு." கண்ணாடியைக் கழற்றினார். முகாமில் கொடுத்த கண்ணாடி அது. அதைப் போட்டுக்கொண்டும் அவருக்கு எதுவும் சரியாகத் தெரிந்ததில்லை. முகாமில் பதிவுக்கென்று எல்லோருடைய அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதிக்கொண்டார்களாம்.

லாபிர் அட்டையைப் பிரதியெடுக்கக் கேட்டார். கலஹாச் சந்தியில் எடுத்து உடனே கொடுத்தனுப்புவதாகச் சொன்னார்.

"திருப்பிக் குடுத்துருவீங்கதானே?" என்று கறுப்பையா மூன்று தடவை கேட்டார். கஜலட்சுமி பிரதியெடுத்து, மறுபடி மேலே ஏறி, அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தாள். அவர் பைகளை எண்ணி எண்ணி அட்டையை மூன்றுக்குள்ளும் போட்டார்.

திரும்பும் பஸ் பேராதனைச் சந்தியைத் தாண்டும்போது லாபிர், பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வெற்றி பெற்றவர்கள் தூங்கும் தூக்கம் தூங்கினார்.

*

வியாழக்கிழமை காலை ஏழரைக்கே காணிக் கந்தோர் வாசலில் வரிசை வளைந்து நின்றது. லாபிர் எதிரேயிருந்த தேத்தண்ணிக் கடையில் ஒரு கதிரையைப் பிடித்துக்கொண்டார். கஜலட்சுமி சகீனாவோடு வரிசையில் நின்றாள். அடையாள அட்டைப் பிரதியைக் காட்டி 1984 உறுதியின் பதிவை நிறுத்துவதற்கான கடிதம் அவள் கையில் இருந்தது. அதை அவளே டைப் அடித்திருந்தாள், லாபிர் கையெழுத்து வைத்திருந்தார்.

பத்தேகாலுக்கு முறை வந்தது. கவுண்டரில் இருந்த நிலூஷா, கஜலட்சுமியோடு தட்டச்சு வகுப்புக்குப் போனவள். கடிதத்தைப் பாதி படித்ததும் நிறுத்தினாள்.

"அக்கா, அந்த எம்பத்து நாலு உறுதிய நேத்தே வாபஸ் எடுத்துட்டாங்களே."

"பயந்துட்டாங்களா?"

"இல்லக்கா. அது தேவப்படல. நேத்து மத்தியானம் வேற உறுதி பதிஞ்சிட்டாங்க. வீரக்கோனோட ஒரே மகன் குருநாகலையில இருந்து வந்து, அப்பாவோட காணின்னு ரஸீன் ஹாஜியாருக்கு நேரடியா எழுதிக் குடுத்திருக்காரு. இது கள்ள உறுதி இல்ல. கையெழுத்து, சாட்சி, ஐடி எல்லாம் சுத்தம்."

கறுப்பையாவின் இடது கன்னம் அந்த நிமிடத்தில் வழக்கிலிருந்து விலகிக்கொண்டது.

"வீரக்கோன் தொண்ணூத்தொண்ணுலயே இவங்களுக்கு வித்துட்டாரே. அப்புறம் மகனுக்கு ஏது?"

நிலூஷா பெரிய புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, அம்பிட்டிய காணியின் பக்கத்தைத் திறந்து, அவர்கள் பக்கம் திருப்பி வைத்தாள். வீரக்கோனின் பெயர் இருந்தது. அதற்குக் கீழே நேற்றுப் பதிந்த ஹாஜியாரின் பெயர் இருந்தது. இரண்டுக்கும் நடுவே எதுவும் இல்லை.

"செவ்வாய்க்கெழம பின்னேரம் ஹாஜியாரோட லோயர் வந்து இந்தப் பக்கத்தப் பாத்தாரு" என்றாள் நிலூஷா. "பாத்துட்டுச் சத்தமாச் சிரிச்சாரு. ஏன்னு அப்ப வெளங்கல."

கஜலட்சுமிக்கு இப்போது விளங்கியது. சகீனாவின் உறுதியில் ஒரு குறையும் இருக்காது என்று ஹாஜியாரும் நம்பியிருந்தார். முந்திய திகதிதான் வெல்லும் என்று நினைத்துத்தான் அப்படி ஒன்றைச் செய்யப் பாடுபட்டார். ஒருநாள் வரிசையில் நின்று இந்தப் புத்தகத்தைப் பார்த்திருந்தால், ஒரு கிழவரின் பெட்டிக்குள் நற்சான்றிதழ் வைக்கவேண்டி வந்திராது. புத்தகம் இருக்கும் விஷயத்தை அவருக்கு எடுத்துச் சொன்னவர், எதிரே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"ஆனா எங்கட உறுதி ஈக்கே" என்றாள் சகீனா. "நொத்தாரிசு எழுதின உறுதி. வாப்பா என்ட கையில தந்த."

"எழுதினா மட்டும் போதாதும்மா. ஒரே காணிக்கு ரெண்டு உறுதி வந்தா, மொதல்ல இங்க பதிஞ்சதுதான் நிக்கும். தெரிஞ்சே மோசடி செஞ்சாங்கன்னு வழக்குப் போடலாம்." நிலூஷா குரலைத் தாழ்த்தினாள். "அப்பிடி ஒரு வழக்கு போன மாசம் முடிஞ்சிச்சி. பத்தொம்போது வருஷம்."

சகீனா விரல்களை மடக்கினாள். "எழுவத்தஞ்சு வயசாகும்" என்றாள், வேறு யாரையோ பற்றிச் சொல்வதுபோல.

"உறுதி கையிலதான இருந்திச்சி? முந்தாநாத்துப் பதிஞ்சிருந்தாக்கூடத் தப்பியிருப்பீங்களே" என்றாள் நிலூஷா.

திங்கட்கிழமை உறுதி லாபிரின் பையில் இருந்தது. செவ்வாய்க்கிழமையும் பையில் இருந்தது. புதன்கிழமை கலஹா வரை போய் வந்தது.

"பதியாம இல்லயே" என்றாள் சகீனா திடீரென்று. கைப்பையைத் துழாவினாள். "தண்ணி லைன் எடுக்கப் போட்டோக்கொப்பி ஒண்டு அடிச்ச. மேல நம்பர் போட்டீக்கி, பாருங்க."

உண்மைதான். முதல் பக்கத்தின் மூலையில், பதிவேட்டு இலக்கம் போடும் இடத்தில், பேனையால் எழுதியிருந்தது: ஏ 211/47.

நிலூஷா உள்ளே போய் 211ஆம் தொகுதியைக் கொண்டுவந்து 47ஆம் பக்கத்தைத் திறந்தாள். கட்டுகஸ்தோட்டையில் விறகு விற்கும் ஒரு கொட்டகை. சகீனாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. "யாரோ சும்மா ஒரு நம்பர எழுதியிருக்காங்க அக்கா."

கஜலட்சுமி புத்தகத்தைப் பார்க்கவில்லை. போட்டோக்கொப்பியின் மூலையில் இருந்த 7ஐப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையில் தொப்பி. இடுப்பில் பெல்ட். காலில் வால்.

"அக்கா, நீங்க வெளிய வந்து நில்லுங்க" என்றாள் சகீனாவிடம். "நான் சேர்கிட்டப் பேசிட்டு வாறேன்."

"லாபிர் நானாட்டச் சொல்லுங்க" என்றாள் சகீனா. "அவரு ஏதாச்சும் வழி வச்சீப்பாரு."

கடையில் லாபிர், கறுப்பையாவின் அட்டையை எப்படிக் கண்டுபிடித்தார் என்று கடைக்காரருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அந்தக் கதையில் கஜலட்சுமி பஸ் டிக்கட் வாங்கும் பாத்திரமாக வந்தாள். அவள் போட்டோக்கொப்பியை அவர் குவளைக்கு முன்னால் வைத்து, மூலையில் விரலை வைத்தாள்.

லாபிர் பார்த்தார். பார்த்துக்கொண்டேயிருந்தார். கடைக்காரர் நாகரிகமாக உள்ளே போய்விட்டார்.

"திங்கக்கெழமயே தெரியுமா சேர்?"

"சகீனாட பேரக் கேட்டவொடன தெரியும்." அச்சடித்த தமிழ் எங்கேயோ போய்விட்டது. "அப்ப எனக்கி இருவத்தொரு வயசு. நான் வேல செஞ்ச நொத்தாரிசு இந்த உறுதியத் தந்து, கந்தோருல பதிஞ்சிட்டு வா எண்டாரு. வெள்ளிக்கெழம. வந்து பாத்தா வரிசை தெரு மட்டும் நிக்கிது. திங்கக்கெழம பாப்பம் எண்டு போயிட்டேன். திங்கக்கெழம அவரு கேட்டாரு, பதிஞ்சாச்சா எண்டு. ஆச்சி எண்டு சொல்லிட்டேன். நம்பர் எங்க எண்டு கேட்டாரு. எழுதிட்டேன்."

"அப்புறம் முப்பத்து நாலு வருஷம்."

"மறந்து போச்சி, கஜா. அல்லாட காவல், மெய்யாவே மறந்து போச்சி."

"இந்த வாரம் மறக்கலயே. மூணு நாளும் மடியில வச்சிக்கிட்டுத்தான் திரிஞ்சீங்க. மொத நாளே வந்து வரிசையில நின்னிருந்தா அந்த அம்மாவுக்கு வீடு இருந்திருக்கும்."

"பதியப் போனா நம்பர் பொய் எண்டு தெரிஞ்சீக்கும். யாரு எழுதின எண்டு கேட்டீப்பாங்க." லாபிர் குவளையைச் சுற்றினார். "மத்த உறுதி பொய் எண்டு காட்டினா, இதப் பாக்கத் தேவ வராது எண்டு நெனச்சேன்."

தெருவின் மறுபக்கத்தில் சகீனா வாகனங்கள் விலகக் காத்து நின்றாள். பிறகு கடந்து வந்தாள்.

"அவகிட்டச் சொல்லாத" என்றார் லாபிர்.

சகீனா வந்து, ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். "நானா, இனி என்ன செய்ற?" என்றாள்.

கஜலட்சுமி போட்டோக்கொப்பியைச் சகீனா பக்கமாகத் திருப்பி வைத்தாள். "சேர் சொல்லுவாரு" என்றாள். பிறகு லாபிரிடம் கேட்டாள்: "வெள்ளிக்கெழம வரிசைய விட்டுட்டு எங்க போனீங்க சேர்?"

"போகம்பர கிரவுண்டுல" என்றார் லாபிர், குவளையைப் பார்த்தபடி, "ஸ்கூல் கிரிக்கெட் மேட்ச் ஒண்டு ஈந்திச்சி."

அந்த வெள்ளிக்கிழமை மழை. ஒரு பந்துகூடப் போடவில்லை.